வியாதி மட்டும் காக்கா பெயரிலா?

ஜூலை 8, திங்கள்

உம்மாவின் கண் இன்னும் மஞ்சளாகத்தான் இருக்கிறது. என்ன வியாதி என்று கேட்டால் நர்ஸ் ஜாஸ்லின் தலையைக் குனிந்துகொள்கிறாள். "ரிப்போர்ட்டெல்லாம் ஒங்க அண்ணன் வாட்ஸ்அப்புக்குப் போயிட்டுக்கா." அண்ணன் இருப்பது துபாயில்! கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் நான் யார்?

ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு வெளியூர் வியாபாரத்துக்குக் கிளம்பும்போது என் வீட்டுக்காரர் கொடுத்த நம்பர் அது. எங்கள் காயல்பட்டினத்தில் பெண்களின் நம்பரை வெளியாருக்குக் கொடுக்க மாட்டார்கள். மரியாதையாம். நன்றாக இருக்கிறது மரியாதை.

ஜூலை 9

அண்ணன் நௌஃபல் காக்காவுக்குப் போன் போட்டேன். "ஒண்ணுமில்லளா, பயந்துக்கிடாத" என்றார். ஒன்றுமில்லாததற்கா அவ்வளவு அவசரமாகப் போனை வைத்தார்?

எங்கள் ஊர் வழக்கப்படி வீடு பெண்ணுக்கு. காக்கா கல்யாணத்தோடு மாமியார் வீட்டுக்குப் போனவர். உம்மா என்னோடுதான். வீடு என் பெயரில், உம்மா என் பொறுப்பில் — வியாதி மட்டும் காக்கா பெயரிலா?

ஜூலை 10

டாக்டரைப் பிடித்தேன். "ஆம்பிளைங்க யாரும் வரலியா?" அவ்வளவுதான், போய்விட்டார்.

ஜூலை 11, வியாழன்

நாளை ஆபரேஷனாம்! ராத்திரி சாப்பாடு கொடுக்காதீங்க என்று ஜாஸ்லின் சொன்னபோதுதான் தெரிந்தது. உம்மாவுக்கே தெரியாது. காக்கா போனிலேயே சரி சொல்லிவிட்டாராம். பிறகு ஒரு தாளை நீட்டினார்கள். கையெழுத்துப் போட வேண்டுமாம். யார்? நான்!

போட மாட்டேன். சேதி துபாய்க்கு, கையெழுத்து எனக்கா? டாக்டர் வந்து விஷயத்தைச் சொல்லாமல் பேனாவைத் தொட மாட்டேன் என்று வார்டே கேட்கும்படி சொன்னேன்.

டாக்டர் வந்தார். "அம்மா பயந்துருவாங்க, யார்ட்டயும் சொல்லாதீங்கன்னு ஒங்க அண்ணன்தான்..." என்று இழுத்தார். உம்மா கண்ணைத் திறந்தாள்.

"என் ஒடம்புக்கு வந்தத என்கிட்ட சொல்லாம யார்ட்ட சொல்லுதிய? என் மவ ஸாலிஹாவையும் வச்சிக்கிட்டுச் சொல்லுங்கோ."

சொன்னார். ஈரலில் கட்டி, பரவிவிட்டது. ஆபரேஷன் செய்தால் சில மாதம் கூடலாம், கூடாமலும் போகலாம். உம்மா ஒவ்வொன்றாகக் கேட்டாள். வலிக்குமா? எழுந்து நடப்பேனா? கடைசியில், "கத்தி வேண்டாம். வலிக்கு மருந்து தாங்கோ. நான் வூட்டுக்குப் போறேன்."

நான் அழுதேன். அவள் அழவில்லை.

ஜூலை 16, செவ்வாய்

வீட்டில்தான் இருக்கிறோம். உம்மா கஞ்சி கேட்டுக் குடித்தாள்.

காக்கா பேசினார். "நேத்து செக்கப்ல என்ன சொன்னாங்க? டாக்டர் ஒன்ட்ட கேக்கச் சொல்லிட்டாருளா."

"இருங்க காக்கா. சொல்லலாமான்னு உம்மாட்ட கேட்டுட்டு வாரேன்."

கேட்டேன். உம்மா போனுக்குக் கை நீட்டினாள்.

"கொடு. நானே சொல்லுதேன்."