மினுக்கிய ரிவோல்வரும் மினுக்காத சங்கிலியும்

நேற்று மெல்பேர்ணில், மல்கிரேவ் வீட்டில், மகள் தன் தாயின் சங்கிலியை, உம்முடைய சங்கிலியை, என் முன்னால் மேசையில் வைத்தாள். பேத்தியின் கலியாணத்துக்கு அதைத்தான் போடப் போகிறார்கள்.

"அப்பா, இதை மினுக்கக் குடுக்கட்டோ? புதுசு மாதிரி வரும் எண்டு கடைக்காரன் சொன்னவன்."

எனக்குச் சட்டென்று துவக்கு எண்ணெய் மணந்தது. கலியாணச் சங்கிலிக்கும் துவக்கு எண்ணெய்க்கும் என்ன தொடர்பு என்று வேறு யாரென்றாலும் கேட்பார்கள். நீர் கேட்கமாட்டீர்.

எழுபதுகளில் நாங்கள் மெல்பேர்ணுக்கு வந்த புதிதில், பழம்பொருட்கள் வாங்கி விற்கும் கடை ஒன்றில் உமக்கு வேலை கிடைத்தது. நகைக்கடைக்காரரின் மகள் என்பதால் நகைகளை மதிப்பிடத்தான் உம்மை எடுத்தார்கள். நிரந்தரமாக்குவதைப் பிறகு பார்க்கலாம் என்று முதலாளி சொல்லியிருந்தார். எனக்கு அப்போது வேலையில்லை. உம்முடைய சம்பளத்தில்தான் அடுப்பு எரிந்தது. அந்தக் கடைக்கு ரிவோல்வர் போன்ற பழைய துவக்குகள் விற்கவும் உரிமம் இருந்தது. நீர் அவற்றையும் சும்மா விடவில்லை. ஓய்ந்த நேரமெல்லாம் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து, முதலாளியைக் கேள்வி கேட்டே குடைந்தெடுத்தீர்.

ஒரு சனிக்கிழமை உம்மைக் கூட்டிப்போக வந்து கடைக் கதிரையில் இருந்தேன். வயதான வெள்ளைக்காரர் ஒருவர் தன் தகப்பனுடைய ரிவோல்வரைத் துணியில் சுற்றிக் கொண்டுவந்தார். நல்ல விலைக்குப் போகட்டும் என்று காசு செலவழித்து அதற்குப் புதிதாக மெருகு போட்டிருந்தார். கருநீலமாக மினுங்கியது. முதல்தரச் சாமானின் விலையைக் கேட்டார். முதலாளி உதட்டைப் பிதுக்கினார். மெருகு போட்டதோடு அதன் பழமை போய்விட்டது, இரும்பு விலைதான் தருவேன் என்றார். இரண்டு பேருக்கும் குரல் உயர்ந்தது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. மினுக்கின சாமானுக்கு விலை கூடத்தானே வேண்டும் என்று உம்மிடம் மெல்லத் தமிழில் கேட்டேன்.

"நகை விக்கேக்க செய்கூலி திரும்பி வாறதோ? கொஞ்சம் பேசாமல் இருங்கோப்பா."

பிறகு நகை பார்க்கும் கண்ணாடியைக் கண்ணில் வைத்தீர். குழலில் பொறித்த எழுத்துகளின் விளிம்பு கரைந்திருப்பதையும், திருகாணித் துளைகளின் ஓரம் குழிந்திருப்பதையும் கிழவருக்குக் காட்டினீர். மினுக்கியவன் அளவுக்கு மிஞ்சித் தேய்த்துவிட்டான். சேகரிப்பவர்கள் முழு விலை கொடுக்கமாட்டார்கள் என்றீர். கிழவரின் முகம் வாடிவிட்டது. நீர் அதோடு நிற்காமல் முதலாளியின் பக்கம் திரும்பினீர். குண்டு போடும் உருளை ஆடாமல் பூட்டுகிறது, குழலின் உட்பக்கம் துப்புரவு, மரப்பிடி பழைய பிடியேதான். இதற்கு இரும்பு விலை சொல்வது நியாயமில்லை என்றீர். கைபடாத ஒன்றின் விலையில் பாதிக்குச் சற்றுக் குறைவாக ஒரு தொகையும் சொன்னீர்.

நீ யாருக்கு வேலை செய்கிறாய் என்று முதலாளி கேட்டார். வேலை போகப்போகிறது என்றே நினைத்தேன்.

"உங்களுக்குத்தான். ஆனால் விலை இதுதான்," என்று ஆங்கிலத்தில் சொல்லிவிட்டு, கண்ணாடியை அவர் கையில் கொடுத்தீர். அவர் நெடுநேரம் பார்த்தார். பிறகு லாச்சியைத் திறந்து காசை எடுத்தார்.

அடுத்த கிழமை அந்தக் கிழவரின் தங்கை ஒரு மணிக்கூட்டைத் தூக்கிக்கொண்டு வந்தாள். சேலை கட்டின பெண்தான் விலை சொல்லவேண்டும் என்று நின்றாளாம். அன்றைக்கே முதலாளி உம்மை நிரந்தரமாக்கி, துவக்கு அலுமாரிச் சாவியையும் தந்தார்.

பெருமைப்பட நான் அதுவரை காத்திருக்கவில்லை. அந்தச் சனிக்கிழமையே ட்ராமில் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்தேன். நீர் என்னைப் பார்த்துச் சிரித்தீர்.

"என்னப்பா, நீங்களோ விலை சொன்னனீங்கள்?"

சொன்னது நீர், என் மனைவி. அந்தப் பெருமை எனக்கு இன்றைக்கும் குறையவில்லை.

நேற்று மகளுக்கு இதையெல்லாம் சொன்னேன். அவள் நகை பார்க்கும் உம்முடைய கண்ணாடியைத் தேடி எடுத்துச் சங்கிலியைப் பார்த்தாள். பிடரியில் படும் இடத்தில் வளையங்கள் தேய்ந்து நூலாகியிருந்தன.

"இது அம்மா தேய்ச்சது, என்னப்பா?"

"ஓம்."

அவள் சங்கிலியை மினுக்கக் கொடுக்காமல் அப்படியே பெட்டியில் வைத்தாள். நீர் இருந்திருந்தால், தேய்ந்ததைக் கழித்து மிஞ்சிய நிறைக்குத்தான் விலை சொல்லியிருப்பீர். நீர் சொன்ன எந்த விலையையும் நான் மறுத்ததில்லை. இதை மட்டும் மறுத்திருப்பேன்.