உரல் மேல் நிற்கும் தூண்

நீ செத்துப்போன பிறகு பூட்டிக் கிடக்கும் உன் வீட்டை இடிக்கப் போகிறார்கள். தூண்களை எடுத்துக்கொள்ளச் சொல்லி உன் மனைவி கூப்பிட்டாள். இன்று காலை அளக்கிற டேப்போடு போனேன். குட்டைத் தூணுக்கு அடியில் நீ கவிழ்த்து வைத்த உரலைத் தொட்டேன், சில்லென்றிருந்தது. அளக்காமலே டேப்பைப் பையில் போட்டுவிட்டேன். ஏன் என்று உன்னிடம் சொல்லியாக வேண்டும்.

நம் பழைய மரக் கடைக்காக, இடித்த வீடுகளில் நாம் கூட்டாக வாங்கிய நான்கு தேக்குத் தூண்களை, உழவர்கரையில் கட்டிய உன் வீட்டுக்கே கொண்டுபோனாய். ஒன்று மட்டும் ஓரடிக்கு மேல் குட்டை. அளக்காமல் வாங்கியவன் நான்தான். ஆனாலும் என் வாய் சும்மா இருந்ததா?

"யோவ், உரல் மேல தூணா? ஊரே சிரிக்கும்யா."

"சிரிக்கட்டும். நிக்குதுல்ல?" என்றாய்.

போன மாதம் மகளைப் பார்க்க இங்கிலாந்து போயிருந்தேன். அவள் கிராமத்தில் பல நூறு வருஷத்துக் கல்வீடு ஒன்று. அரசாங்கப் பாதுகாப்புப் பட்டியலில் இருப்பதால், வீட்டுக்குச் சொந்தக்காரரே அனுமதி கேட்காமல் ஒரு ஜன்னலை மாற்ற முடியாதாம். கூரையும் கல்தான்யா! பலகை பலகையாக, கீழே பெரிசு, மேலே போகப் போகச் சிறிசு. ஜன்னல் சட்டமும் கல். சுவரைத் தட்டித் தட்டிப் பார்த்தேன்.

"அப்பா, கைய எடுங்க. வெல பேச வந்தவரு மாதிரி இருக்கு" என்றாள் மகள்.

அப்போதுதான் கண்ணில் பட்டது. வாசலுக்கு மேலே பூவேலைக் கல் ஒன்று, தலைகீழாக! இடிந்த தேவாலயத்துக் கல்லாம். கிடைத்ததை வைத்துக் கட்டிவிட்டார்களாம். சுற்றிக் காட்டிய அம்மாள் அதைத்தான் பெருமையாகக் காட்டினார். நான் வாய்விட்டுச் சிரித்தேன். அங்கேயும் உன்னை மாதிரி ஒருத்தன் இருந்திருக்கிறான்!

போனில் எடுத்து வந்திருந்த அந்தக் கல்லின் படத்தை இன்று உன் மனைவியிடம் காட்டினேன்.

"இருக்கட்டும் அண்ணே. இந்தக் கோணல் வீட்டுக்கு யாரு குடிவராங்க? இடிச்சா மனையாவாவது போவும்."

"நான் வரேன் தங்கச்சி. மேட்டுப்பாளையத்து குடோன காலி பண்ணிட்டுக் கடைய இங்க மாத்துறேன். வாடகை மாசாமாசம் வந்துடும். பழைய தூண் வாங்க வர்றவன் மொதல்ல இதப் பாக்கட்டும்."

"உரலப் பாத்துட்டு சிரிக்கமாட்டாங்களா?"

"சிரிக்கட்டும். நிக்குதுல்ல?"

அவள் என்னை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தாள். பிறகு கொத்திலிருந்து வாசல் சாவியைக் கழற்றினாள். அது இப்போது என் சட்டைப் பையில் கனக்கிறது.