பார்க் சாரும் என் தலையாட்டலும்

ஐப்பசி 12, செவ்வாய்

கழுத்து வலிக்கிறது. சாயங்கால வகுப்பின் பாதி நேரம் தலையை அசையாமல் பிடித்துவைத்திருந்த வலி.

கொரியாவிலிருக்கும் பார்க் சாருக்கு மூன்று மாதமாக ஆன்லைனில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்கிறேன். என்னைவிடப் பெரியவர். கம்பெனியில் பதவி உயர்வுக்காக ஆங்கிலப் பேச்சுத் தேர்வுக்குத் தயாராகிறார். ஒத்திவைப்பதற்கு 'புட் ஆஃப்', ரத்து செய்வதற்கு 'கால் ஆஃப்' எல்லாம் முதலில் சரியாகத்தான் சொல்வார். என் முகத்தைப் பார்த்ததும் மாற்றித் தப்பாக்கிவிடுவார். படிக்காமல் வருகிறார் என்று போன வாரம் கடுகடுத்தும்விட்டேன்.

இன்று, தேர்வுக்குப் போவதில்லை, பெயரை நீக்கச் சொல்லிவிட்டேன் என்றார். ஏன் சார் என்றேன். திரையைப் பார்க்காமல் சொன்னார்:

"நான் வாயைத் திறந்தாலே நீங்கள் இல்லை, இல்லை என்று தலையாட்டுகிறீர்கள்."

சரி, சரி, மேலே சொல்லுங்கள் என்றுதான் பக்கவாட்டில் ஆட்டினேன். மதுரையில் பஸ் கண்டக்டர் முதல் டாக்டர் வரை அப்படித்தானே ஆட்டுகிறார்கள்! அதை அவருக்கு விளக்கிவிட்டு, மீதி வகுப்பு முழுக்கத் தலையை அசைக்காமல் பேசினேன்.

ராத்திரி வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அம்புட்டுதானா? இனிமே ஆட்டாம பேசு" என்று, தானும் தலையை ஆட்டிவிட்டுத் தூங்கப் போய்விட்டார். அவருக்கென்ன.

எனக்குத்தான் தூக்கம் வரவில்லை. வகுப்பு முடியும்போது பார்க் சார் கேட்டார்: "அப்படியானால் நான் முதலில் சொன்னதெல்லாம் சரியா?"

சரிதான் சார் என்று வாய் சொல்வதற்குள் தலை ஆடிவிட்டது.

அவர் உடனே குனிந்து, "மன்னிக்கவும், டீச்சர்" என்றார்.