திருப்பித் தரவும்

டிசம்பர் 22, 2025, திங்கள்

அரையாண்டு விடுமுறை முடியும்வரை அருங்காட்சியகம் திங்களும் திறந்திருக்கும். காலை பத்து முதல் மாலை ஆறு. அட்டையில் எழுதி கேட்டில் கட்டியாயிற்று. பொறுப்பாளர் நித்யஸ்ரீ வாசலில் ஒரு காகித நட்சத்திரத்தைத் தொங்கவிட்டார். "பசங்க உள்ள வரணும் சார், இல்லன்னா நீங்களும் நானும் மூஞ்சியப் பாத்துட்டு உக்காரணும்."

பழைய நூலகக் கட்டடத்தில் இரண்டு அறை. பேர்ணாம்பட்டுக்கு அது போதும். முதல் அறையில் கல்வெட்டுப் படி, டேனரிகளின் பித்தளை டோக்கன்கள், தோல் சீவும் கத்தி. இரண்டாம் அறையில் இந்த வருடம் புதிதாக 'ஊர் முகங்கள்', இருபத்தொரு புகைப்படங்கள். நான் நிருபராக இருந்த முப்பத்தொரு வருடத்தில் என் பெட்டியில் சேர்ந்தவை. ஓய்வு பெற்ற பின் பெட்டியோடு கொடுத்துவிட்டேன். பிற்பகலில் போய் உட்கார்ந்து, வருபவர்களுக்கு விளக்கம் சொல்கிறேன். சம்பளம் இல்லை. டீ உண்டு.

டிசம்பர் 23

பதினொரு பேர். அதில் நான்கு பேர் கழிவறை எங்கே என்று கேட்க வந்தவர்கள்.

டிசம்பர் 25, வியாழன்

கிறிஸ்துமஸ். அறுபத்துநான்கு பேர். சர்ச் முடிந்து புதுத்துணியோடு குடும்பம் குடும்பமாக வந்தார்கள். டோக்கன் பெட்டிக் கண்ணாடியில் கேக் பிசுக்கு.

நான்கு மணி வாக்கில் முப்பது வயது மதிக்கத்தக்க ஒரு பெண், தனியாக. பதினேழாம் எண் படத்தின் முன்னால் நின்று சிரித்தார்.

"இன்னா சார் இது, எங்க அண்ணன் போட்டோவ மாட்டி வெச்சிருக்கீங்க? அவன் ஆம்பூர்ல ஷூ கம்பெனில இருக்கான். இந்தச் சட்ட எப்ப போட்டான்?"

பிறகு குனிந்து கீழே இருந்த வாசகத்தைப் படித்தார். 'தோல் தொழிலாளி, பேர்ணாம்பட்டு, 1990கள்.' சிரிப்பு நின்றுவிட்டது. ஒரு விரலால் அந்த எழுத்துகளைத் தொட்டார்.

"இது எங்க அப்பா" என்றார்.

பெயர் ரஃபத் ஜஹான். பெங்களூரில் ஆஸ்பத்திரி வேலை, விடுமுறைக்கு அம்மாவிடம் வந்திருக்கிறார். அப்பா இறந்தபோது அவருக்கு நான்கு வயது. வீட்டில் அப்பாவின் படம் ஒன்றுகூட இல்லையாம். கல்யாணத்தில் போட்டோ எடுக்கவில்லை, பெரியவர்கள் சம்மதிக்கவில்லை. வாக்காளர் அட்டையில் இருந்தது கறுப்பாக ஒரு நிழல். "ஒரே ஒரு நல்ல போட்டோ இருந்துச்சாம். அத யாரோ பேப்பர்காரர் வாங்கிட்டுப் போய்ட்டாராம். திருப்பித் தரவே இல்லியாம்."

கைபேசியில் படமெடுத்துக்கொண்டு போனார்.

நான் டோக்கன்களைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

டிசம்பர் 26, வெள்ளி

மீண்டும் வந்தார். கைபேசியில் காட்டியதும் அவர் அம்மா அதை வாங்கிக் கவிழ்த்து வைத்துவிட்டாராம். "'இது வேணாம், அசல எடுத்துனு வா, அப்ப பாக்கறேன்'ன்னுச்சு சார் எங்க அம்மி. முட்டி ஆபரேஷன் ஆயிருக்கு, இந்தப் படி ஏற முடியாது. நான் முப்பத்தொண்ணாந்தேதி கெளம்பணும். ஒரு நாளைக்கி குடுத்தா, காட்டிட்டு கொண்டாந்துடறேன்."

நித்யஸ்ரீ சங்கடப்பட்டார். பதிவேட்டில் ஏறிய பொருள் வெளியே போக வேண்டுமானால் கமிட்டி கூட வேண்டும், அது ஜனவரிக் கடைசியில்தான். பதிவேட்டைத் திறந்து காட்டினார். "பாருங்க மேடம், குடுத்தவரே இங்க இருக்காரு, நம்ம நந்தகோபால் சார்தான்."

ரஃபத் என் பக்கம் திரும்பினார். "சார், உங்களுக்கு எங்க அப்பாவத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றேன்.

அது உண்மைதான். அவரை உயிரோடு நான் பார்த்ததில்லை. ஒரு வார்த்தைகூடப் பிசகாத பதில். அறுபத்துமூன்று வயதில் இவ்வளவு கெட்டிக்காரத்தனம் எதற்கு?

டிசம்பர் 27

தேதி போட்டு எழுதிவிடுகிறேன்.

1998 மார்ச் 14, சனிக்கிழமை. ஒரு டேனரியின் கழிவுநீர்த் தொட்டியில் இரண்டு பேர் இறந்தார்கள். காசி, அப்துல் ஹமீத். மேனேஜர் சொன்னதைக் குறித்துக்கொண்டு, படத்துக்காக வீடுகளுக்குப் போனேன். அந்தக் காலத்தில் அதுதான் முறை. இறந்தவர் வீட்டில் படம் வாங்கு, மேட்டரோடு கவரில் போட்டு ஏழரை மணி வேலூர் பஸ் கண்டக்டரிடம் கொடு. காசி வீட்டில் படம் இல்லை. ஹமீத் வீட்டில் அவர் மனைவி இத்தாவில் உட்கார்ந்துவிட்டிருந்தார். கணவனை இழந்தவர்கள் நான்கு மாதம் பத்து நாள் வெளி ஆண்கள் முகம் பார்க்க மாட்டார்கள். வாசல் திரைக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு கை படத்தை நீட்டியது. கண்ணாடி வளையல்களைக் கழற்றிய கை, மணிக்கட்டில் ஒரு கீறல். "நாளைக்கே தந்துடறேம்மா" என்றேன்.

பத்தாம் நாள் படம் வேலூரிலிருந்து என்னிடம் திரும்பி வந்துவிட்டது. ஒருமுறை தெரு முனைவரை போனேன். இத்தா முடியட்டும் என்று திரும்பிவிட்டேன். வாசலில் இருந்த யாரிடமாவது கொடுத்திருக்கலாம். பிறகு திருப்பத்தூருக்கு மாற்றல். மறந்துவிட்டேன் என்று எழுதினால் பொய். தள்ளிப்போட்டேன். தள்ளிப்போட்டது நாளாக ஆக, போக முடியாததாக ஆகிவிட்டது.

போன மாதம் நித்யஸ்ரீ "இது யாரு சார்?" என்று கேட்டார். "யாரோ டேனரி ஆளு" என்றேன்.

பெயர் தெரியும். அப்போதும் தெரியும்.

டிசம்பர் 28, ஞாயிறு

மனைவி சந்திராவிடம் சொன்னேன். கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் கையை நிறுத்தாமல் கேட்டாள்.

"இருவத்தேழு வருசமா?"

"ஆமா."

"ரெண்டு நாளா அந்த நோட்டுல எழுதினு இருக்கியே, இதத்தானா?"

"ஆமா."

"நோட்டுல எழுதிட்டா அந்தம்மா கைக்குப் போயிடுமா? எழுந்து போய்யா."

டிசம்பர் 29, திங்கள்

காலையிலேயே போய் நித்யஸ்ரீயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கோபப்படுவார் என்று நினைத்தேன். பதிவேட்டை எடுத்துவந்து எதிரில் வைத்தார்.

"அப்ப இது உங்களுது இல்ல. உங்களுது இல்லாதத நீங்க எங்களுக்குக் குடுக்க முடியாது. கமிட்டிக்கு வேலையே இல்ல சார். நீங்களே எழுதுங்க."

எழுதினேன். 'வரிசை எண் 17. கொடுக்கும் உரிமை எனக்கு இல்லாத பொருள். உரியவரிடம் சேர்க்கப்படுகிறது.' கையெழுத்து, தேதி.

படம் ஒரு தடித்த அட்டையில் ஒட்டியிருந்தது. 2009இல் வீடு மாறியபோது நானே மைதாப் பசை போட்டு ஒட்டியது. நித்யஸ்ரீ ஈரப் பஞ்சை அட்டைக்குப் பின்னால் வைத்து, மீன்முள் எடுப்பது போல் மெல்ல மெல்ல ஒரு மணி நேரம் உரித்தார். படத்துக்கு ஒன்றும் ஆகவில்லை. முதுகில் என் எழுத்து, பென்சிலில்: 'ஹமீத், பே.பட்டு. திருப்பித் தரவும். ந.கோ.'

இதன்மேல்தான் பசை தடவியிருக்கிறேன்.

டிசம்பர் 30, செவ்வாய்

போய்விட்டு வந்தேன். சந்திராவும் கூட வந்தாள்.

வாசலில் இப்போதும் திரை உண்டு. ரஃபத் அதை விலக்கி உள்ளே அழைத்துப்போனார். அவர் அம்மா அக்தரி பேகம் நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். என்னைவிட இரண்டு, மூன்று வயது சின்னவராக இருக்கலாம். நான் தயார்செய்து வைத்திருந்த வாக்கியங்களில் முதலாவதைத் தொடங்கினேன். "அம்மா, அன்னிக்குப் படம் வாங்கிட்டுப் போன நிருபர் நான்தான்."

"கொரல் ஞாபகம் இருக்கு" என்றார். "நாளைக்கே தந்துடறேன்னீங்க. எந்த நாளைக்கின்னு நானும் கேக்கல. என் மேலயும்தான் தப்பு."

சந்திரா பக்கென்று சிரித்துவிட்டாள். பிறகு அந்த அம்மாவும். ரஃபத் மட்டும் சிரிக்கவில்லை. "தெரியாதுன்னு சொன்னீங்களே சார்" என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

உறையைக் கொடுத்தேன். அக்தரி பேகம் முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு படத்தை எடுத்தார். ஜன்னல் பக்கம் திருப்பிப் பிடித்தார். நான் அழுகையை எதிர்பார்த்துத் தலையைக் குனிந்திருந்தேன்.

"காது" என்றார்.

யாருக்கும் புரியவில்லை.

"மூக்கு, கண்ணு, தாடி, எல்லாம் ஞாபகம் இருந்துச்சு. காது மட்டும் மறந்துபோச்சு. பெரியவனுக்கு ஒரு மாதிரி காது, இவளுக்கு ஒரு மாதிரி. யாருக்கு அவரு காதுன்னு தெரியாம... இங்க வா டீ." ரஃபத்தை இழுத்து, தலைத்துணியை ஒதுக்கி, படத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "உனக்குத்தான்."

ரஃபத் அப்போதுதான் அழுதார்.

டீ வந்தது. குடித்துமுடித்த பிறகு அக்தரி பேகம் சொன்னார்: "படம் போனதுல வருத்தம்தான். ஆனா அதவிட வேற ஒண்ணு இருக்கு. பேப்பர்ல நீங்க போட்டது தப்பு. ரெண்டு பேரும் கவனமில்லாம தொட்டி கழுவ எறங்கினாங்கன்னு போட்டீங்க. அவரு தோல் ஊறப்போடற டிரம் ஓட்டறவரு, தொட்டி வேல அவருது இல்ல. ஷிப்ட் முடிஞ்சி கேட்டாண்ட வந்துட்டாரு. காசி உள்ள விழுந்துட்டான்னு சத்தம் கேட்டுத் திரும்பிப் போனாரு. கை வாட்ச்ச கழட்டி வாட்ச்மேன்கிட்ட குடுத்துட்டு எறங்கினாரு. கவனமில்லாதவன் வாட்ச்ச கழட்டுவானா?"

"ஏம்மா அன்னிக்குச் சொல்லல?"

"நீங்க போட்டோதானே கேட்டீங்க."

அன்று திரைக்கு அந்தப் பக்கம் ஒரு ஆள் இருந்தார். பேச மாட்டார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். முகம் பார்க்கக் கூடாது என்றால் கேள்வியும் கேட்கக் கூடாது என்று யார் சொன்னது?

நோட்டை எடுத்தேன். முதல் கேள்வியிலிருந்து கேட்டேன். ஒரு மணி நேரம் பேசினார்.

டிசம்பர் 31

ரஃபத் ஐந்து மணி பஸ்ஸில் பெங்களூர் கிளம்பினார். பஸ் நிலையத்துக்குப் போகலாமா என்று யோசித்தேன். போகவில்லை.

ஜனவரி 1, 2026, வியாழன்

ஒருவர் சொன்னதை மட்டும் வைத்து ஒருமுறை எழுதியாகிவிட்டது. இன்னொரு முறை கூடாது. மேல்பட்டிக்குப் போய் காசியின் மனைவி அமிர்தவள்ளியைப் பார்த்தேன். மகள் வீட்டில் இருக்கிறார். கேட்டு முடிப்பதற்குள் தலையை ஆட்டினார்.

"ஆமாங்க. எங்க வூட்டுக்காரரத் தூக்கத்தான் பாய் எறங்கினாரு. அப்பவே ஊருக்கே தெரியும். நீங்கதான் ஊர்ல கேக்காம மேனேஜர்கிட்ட கேட்டுட்டீங்க."

வருடா வருடம் மார்ச் மாதத்தில் அக்தரி பேகம் வீட்டுக்கு ஒரு சீப்பு பழம் கொண்டுபோய்க் கொடுப்பாராம். இருபத்தேழு வருடமாக ஒரு வருடம்கூடத் தவறவில்லை.

ஜனவரி 2

வாசகம் எழுதினேன். ஏழு முறை அடித்து எழுதினேன். மாலையில் எடுத்துப்போய் அக்தரி பேகத்திடம் படித்துக் காட்டினேன். "வயசு முப்பத்தி மூணு. பேப்பர்ல நாப்பதுன்னு இருந்துச்சு" என்றார். திருத்தினேன்.

படத்தை நகலெடுத்து மாட்டிக்கொள்ளட்டுமா என்று கேட்டேன். "கொஞ்ச நாள் போவட்டும்" என்றார். சரி என்றேன். எப்போது என்று கேட்கவில்லை. இந்த முறை அது அவர் விருப்பம்.

ஜனவரி 4, ஞாயிறு

விடுமுறையின் கடைசி நாள். எண்பத்திரண்டு பேர். நட்சத்திரத்தின் ஒரு முனை கிழிந்து தொங்குகிறது.

பதினேழாம் எண்ணின் இடத்தில் ஆணியும் அதன் கீழ் வாசகமும் மட்டும்:

'அப்துல் ஹமீத் (33), தோல் டிரம் இயக்குபவர். 1998 மார்ச் 14 அன்று வேலை முடிந்து கிளம்பியவர், கழிவுநீர்த் தொட்டியில் மயங்கி விழுந்த காசியைத் தூக்கத் திரும்பிச் சென்று இறங்கினார். இருவரும் இறந்தனர். மறுநாள் வெளியான செய்தி இதைத் தவறாகச் சொன்னது. அதை எழுதியவன் நான். ந. நந்தகோபால்.'

நிறையப் பேர் நின்று படித்தார்கள். வெறும் சுவரை ஏன் பார்க்கிறார்கள் என்று பின்னால் வந்தவர்களும் வந்து படித்தார்கள். வாணியம்பாடியிலிருந்து வந்த ஓர் அம்மாள் நித்யஸ்ரீயைக் கூப்பிட்டு, "இந்த ஆளு போட்டோ எங்கம்மா?" என்று கேட்டார்.

"அவரு வீட்டுக்குப் போய்ட்டாரும்மா" என்றார் நித்யஸ்ரீ.