ஈர மணலுக்கு மெல்லிய வெட்ஜ்

இன்று காலை உங்கள் தங்கை முருங்கைக்காய் பறிப்பதற்கு உங்கள் கோல்ஃப் மட்டையை, அந்த வெட்ஜைக் கேட்டு வந்தாள். "மச்சாள், கதவுக்குப் பின்னால நிக்கிற அந்த வளைஞ்ச கம்பியை ஒருக்காத் தாங்க. எங்கட கொக்கத்தடி முறிஞ்சு போச்சு" என்றாள். வளைஞ்ச கம்பியாம்! நீங்கள் இருந்திருந்தால் அவளை அரை மணித்தியாலம் நிற்க வைத்து வகுப்பு எடுத்திருப்பீர்கள். நீங்கள் இல்லாதபடியால் நான் எடுத்தேன். அங்கே நிற்பவை இரண்டு, இரண்டும் ஒன்றல்ல என்றேன். ஒன்றின் அடிப்பாகம் தடித்து உருண்டிருக்கும், அது இளகிய மணலுக்கு. மற்றதன் அடி மெல்லியது, அது இறுகிய மணலுக்கு. பந்து மணல் குழியில் விழுந்துவிட்டால், காலுக்குக் கீழே இருக்கும் மணலைப் பார்த்துத்தான் எதை எடுப்பது என்று முடிவெடுக்க வேண்டும். இவ்வளவையும் வாசல்படியில் நின்று மூச்சு விடாமல் சொன்னேன். அவள் வாயைப் பிளந்து கேட்டுவிட்டு, "அப்ப முருங்கைக்காய்க்கு எது மச்சாள்?" என்றாள்.

தடித்ததைக் கொடுத்து அனுப்பினேன். அவள் போன பிறகு தனியே நின்று வயிறு நோகச் சிரித்தேன். நீங்கள் போய் இரண்டு வருடமாகிறது. படுவான்கரையில் வயல் வரம்பில் வளர்ந்த ஒருத்தி கல்லடியில் நின்று வெட்ஜுக்கு வகுப்பெடுக்கிறாள். இதை உங்களிடம் சொல்லாவிட்டால் எனக்கு இன்றைக்குச் சோறு இறங்காது, அதனால்தான் எழுதுகிறேன்.

நீங்கள் வளைகுடாவில் இருந்த பதினெட்டு வருடமும் ஊருக்கு நீங்கள் 'கோல்ஃப்காரர்'. அரபு நாட்டுப் பெரிய ஆட்களுக்கு நீங்கள்தான் விளையாட்டுப் பழக்குகிறீர்கள் என்று கல்லடியில் பாதிப் பேர் நம்பினார்கள். நீங்களும் லேசாகச் சிரிப்பீர்களே தவிர மறுக்கமாட்டீர்கள். உண்மை எனக்கு மட்டும்தான் தெரியும். மைதானத்தில் விளையாடுகிறவர்களுக்கு இடைஞ்சலாக இருக்கட்டும் என்று ஆங்காங்கே குழி வெட்டி மணல் நிரப்பி வைத்திருப்பார்கள். அதற்குப் பெயர் பங்கர். பந்து அதற்குள் விழுந்தவர் அடித்து வெளியே எடுத்துவிட்டுப் போனதும், உள்ளே இறங்கி வாரியால் மணலை வாரிச் சமப்படுத்தி விடுவதுதான் உங்கள் வேலை. சண்டைக் காலத்தில் ஷெல்லுக்குப் பயந்து நாங்கள் பதுங்கிய குழிக்கும் அதே பெயர்தான், அந்தச் சொல்லை எங்கள் பக்கத்தில் யாரும் சிரித்துக்கொண்டு சொல்லி நான் கேட்டதில்லை. முதன்முதலில் சிரித்துக்கொண்டு சொன்னவர் நீங்கள்தான்.

வேலையாட்கள் பந்தை அடிக்கக்கூடாது என்பது அந்த மைதானத்துச் சட்டம். எந்த மணலில் எதை எடுத்தார்கள், எங்கே தப்பினார்கள் என்று பதினெட்டு வருடம் பார்த்தீர்கள். உங்கள் கையால் ஒரு பந்தைக்கூட அடித்ததில்லை. யாரோ ஒரு வெள்ளைக்காரர் வேலையை விட்டுத் தன் ஊருக்கே திரும்பிப் போகும்போது தன் பழைய வெட்ஜ் இரண்டையும் உங்களிடம் தந்துவிட்டுப் போனார். குழந்தையைத் தூக்கி வருவதைப் போல அவற்றைத் துவாயில் சுற்றிக் கொண்டுவந்தீர்கள்.

இரண்டு வருடத்துக்கு ஒருமுறை நாற்பது நாள் வருவீர்கள். மறுகா போய்விடுவீர்கள். ஒப்பந்தம் முடிகிற நேரம் தொலைபேசியில், "இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்து வெச்சிட்டன் புள்ள" என்பீர்கள். வைக்கட்டுமா என்று ஒருநாளும் கேட்டதில்லை. நானும் "ஓம்" என்று சொல்லிவிட்டுத் தொலைபேசியை வைத்துவிட்டுப் போய் அடுப்பை ஊதுவேன். விமான நிலையத்தில் மகளோடு கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்று "கவனம்" என்பேன். போகாதீங்க என்று சொல்ல வேண்டும் போல இருக்கும். அதைச் சொல்ல வாயெடுப்பதற்குள் நீங்கள் உள்ளே போய்விடுவீர்கள். வான் வண்டியில் வீட்டுக்குத் திரும்பி வரும் வழியெல்லாம் எனக்கு என் மேலேயே கோபமாக இருக்கும்.

கடைசி முறை வந்தபோதும் போவதற்கு நாள் குறித்தாகிவிட்டது. அப்போதுதான் கதிரவெளிக்குப் போகும் வழியில் ஒரு கடற்கரை விடுதியில் பந்து போட ஆறே ஆறு குழியுள்ள சின்னக் கோல்ஃப் மைதானம் போடுகிறார்கள், விருந்தினருக்கு மணலில் அடிக்கப் பழக்க ஆள் தேடுகிறார்கள் என்று கேள்விப்பட்டீர்கள். போய்க் கேட்டீர்கள். பத்துப் பந்தை மணலிலிருந்து அடித்து ஐந்தையாவது புல்தரையில் நிற்க வைத்தால் வேலை தருவதாகச் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து, "இது கிடைச்சா நிக்கிறன். இல்லாட்டிப் போறன்" என்றீர்கள். நான் "ஓம்" என்றேன். அன்று இரவு கல்லடியில் எனக்குத் தெரிந்த சாமி எல்லாரிடமும் சொல்லி வைத்தேன்.

அந்தப் பரீட்சைக்கு இன்னும் இரண்டு கிழமை இருந்தது. வெள்ளனா எழும்பி இரண்டு பேரும் கடற்கரைக்குப் போவோம். நான் பந்து பொறுக்குகிறவள். கரைவலை இழுக்கிறவர்கள் கயிற்றைப் பிடித்தபடி எங்களையே பார்ப்பார்கள். "அண்ணன், அதால என்ன மீன் பிடிக்கிற?" என்று ஒருவர் கேட்க, நீங்கள் முகத்தைத் தூக்கிக்கொண்டு நின்றீர்கள்.

மணலில் கிடக்கும் பந்தை அடிக்கிறவர் பந்தை அடிக்கக்கூடாது, அதற்கு மூன்று விரல் பின்னால் மணலை அடிக்க வேண்டும், மணல்தான் பந்தைத் தூக்கிக்கொண்டு வெளியே வரும் என்று எனக்கு விளக்கம் சொன்னதே நீங்கள்தான். ஆனால் உங்களால் மணலை அடிக்க முடியவில்லை! பதினெட்டு வருடம் ஒரு சுவடு இல்லாமல் மணலை வாரிப் பழகிய கை, அதைக் குழப்ப மாட்டேன் என்று அடம்பிடித்தது. பந்தின் தலையில் தட்டினீர்கள், அது கடலுக்குப் போனது. தப்பித்தவறி மணலில் பட்டுவிட்டால் உடனே குனிந்து அந்தத் தடத்தைக் கையால் அழித்தீர்கள்.

"கல்லடிக் கடற்கரை முழுக்க வாரிப்போட்டுத்தான் வீட்டுக்கு வாறதா யோசினையா?" என்றேன்.

"பழக்கம் புள்ள. கை கேக்குதில்ல" என்றீர்கள்.

நாலாம் நாள் கை கொஞ்சம் துணிந்தது. அப்போதும் பந்து நகரவில்லை. உங்கள் மைதானத்தில் கெட்டிக்காரர்கள் எல்லாம் மெல்லிய அடியுள்ள வெட்ஜைத்தான் எடுப்பார்கள் என்று நீங்களும் அதையே எடுத்தீர்கள். கல்லடி மணல் பொதுபொதுவென்று இளகியது. வெட்ஜ் உள்ளே புதைந்து அங்கேயே நின்றது. எங்கள் வயல் வட்டையில் சேற்றுக்குள் மண்வெட்டி இறங்குவதை நான் எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்!

"இஞ்சருங்க, அது வெட்டிக்கொண்டு கீழ போகுது. தடிச்சதை எடுங்க. அது புதையாது, சறுக்கிக்கொண்டு வரும்" என்றேன்.

"படுவான்கரைக்காரி சொல்லி நான் கோல்ஃப் படிக்கிற நிலைமை வந்திட்டா?" என்றீர்கள்.

மறுநாள் தடித்ததை எடுத்தீர்கள். மணல் சீறிக்கொண்டு எழும்ப, பந்து அதோடு எழும்பி மெத்தென்று விழுந்தது. அன்று பின்னேரம் உங்கள் சிநேகிதரிடம், "யோசிச்சுப் பார்த்தன், இந்த மணலுக்குத் தடிச்சதுதான் சரி" என்று நீங்கள் சொன்னதை நான் குசினியில் அடுப்படியிலிருந்து கேட்டேன். யோசித்தாராம்! அன்றைக்கு உங்கள் தேத்தண்ணீருக்குச் சீனி போடாமல் விட்டது மறதியால் அல்ல, இப்போது சொல்கிறேன்.

பரீட்சைக்கு முதல்நாள் மழை கொட்டித் தீர்த்தது. விடிய பஸ்ஸில் போகும்போது இரண்டு வெட்ஜையும் மடியில் வைத்துக்கொண்டு வந்தீர்கள். விடுதியின் முகாமையாளர் கொழும்பிலிருந்து வந்த இளம் பெண். "அங்கிள், பத்துப் பந்து. நீங்க ரெடியா?" என்றாள். பத்து வேலையாட்கள் வேடிக்கை பார்க்க வந்து நின்றார்கள். நான் ஒரு தென்னைக்குக் கீழே போய் நின்றேன்.

நீங்கள் தடித்ததை எடுத்தீர்கள். முதல் பந்து புல்தரையைத் தாண்டிப் பறந்தது. இரண்டாவது வேலிக்கு மேலால் போனது. ஒவ்வொரு அடிக்கும் பிறகு வாரியை எடுத்து மணலை வாரிவிட்டுத்தான் அடுத்த பந்தை வைத்தீர்கள், அந்தப் பெண் கைக்கடிகாரத்தைப் பார்த்தாள். மூன்றாவதும் பறந்தது. நாலாவது ஒரு தென்னையில் பட்டுத் திரும்பி வந்தது. மிச்சம் ஆறு, அதில் ஐந்து சரிவர வேண்டும். உங்கள் முதுகைப் பார்த்தேன். விமான நிலையத்தில் உள்ளே போகும்போது பார்க்கிற அதே முதுகு. உங்களுக்குள் நீங்கள் ஏற்கெனவே பெட்டி கட்டத் தொடங்கிவிட்டீர்கள் என்று எனக்குத் தெரிந்துவிட்டது.

செருப்பைக் கழற்றிவிட்டுக் குழியின் விளிம்பு வரைக்கும் போய்க் காலை வைத்தேன். மழை நனைத்த மணல் சூடடிக்கிற களம் போல இறுகிக் கிடந்தது. தடித்த அடி அதில் புகாமல் குதித்து எழும்பிப் பந்தின் நடுவயிற்றில் அடிக்கிறது! நீங்களோ கல்லடியில் எடுத்த முடிவை இறுக்கிப் பிடித்துக்கொண்டு ஐந்தாவது பந்தை வைக்கிறீர்கள்.

"மற்றதை எடுங்க!"

யார் கத்தியது என்று நானே திடுக்கிட்டேன். தென்னையில் இருந்த காகம் பறந்தது. வேலையாட்கள் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நீங்கள் கிறுகி என் பக்கம் திரும்பினீர்கள்.

"மணல் இறுகிப் போச்சு! தடிச்சது ஒண்ணா, சரிவராது! மெல்லிசை எடுங்க!"

நீங்கள் இரண்டு கையிலும் இரண்டு வெட்ஜையும் தூக்கிப் பிடித்து, மெல்லியதை ஆட்டிக் காட்டி, "இதா?" என்று கேட்டீர்கள். கல்யாணம் கட்டி அவ்வளவு காலத்தில் நீங்கள் என்னிடம் கேட்ட முதல் கேள்வி அதுதான் என்று எனக்குத் தோன்றியது.

"ஓம், அதுதான்!"

ஐந்தாவது பந்து எழும்பிப் புல்லில் விழுந்து நின்றது. ஆறாவதும் நின்றது. ஏழாவதில் பழைய பயம் வந்து, மணலை நோகாமல் தடவினீர்கள், பந்து குழிக்குள்ளேயே உருண்டது. "மணலுக்கு நோகாது, அடிங்க!" என்று திரும்பவும் கத்தினேன். எட்டு, ஒன்பது, பத்து. மூன்றும் நின்றன. வேலையாட்கள் கை தட்டினார்கள். நீங்கள் அவசரப்படாமல் மணலைக் கடைசித் தரம் வாரி முடித்துவிட்டு மேலே ஏறி வந்தீர்கள். "திங்கட்கிழமை வாங்க அங்கிள்" என்றாள் அந்தப் பெண். பிறகு என்னைப் பார்த்து, "ஆன்டி, நீங்களும் வாறீங்களா?" என்று சிரித்தாள்.

பஸ்ஸுக்குக் காத்து நிற்கும்போது நீங்கள் இரண்டு வெட்ஜிலும் ஒட்டியிருந்த மணலைத் துடைத்தீர்கள். பிறகு கேட்டீர்கள்.

"இவ்வளவு சத்தம் ஒன்னட்ட இரிந்ததா புள்ள?"

"இரிந்திச்சு."

"எயார்போட்ல ஒருக்கா இப்பிடிக் கத்தியிருந்தா நான் கிறுகி வந்திருப்பனே."

எனக்குக் கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. கோபமும் வந்தது. "நீங்க ஒருக்காக் கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பனே" என்றேன். இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்தோம். எப்படிப்பட்ட இரண்டு மடையர்கள் என்று நினைத்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது, உங்களுக்கும் வந்துவிட்டது. நடத்துநர் இறங்கி வந்து, "ஏறுறீங்களா இல்லையா?" என்று அதட்டும்வரைக்கும் நடுரோட்டில் நின்று சிரித்தோம்.

ஆறு வருடம் அந்த வேலைக்குப் போய் வந்தீர்கள். ஒவ்வொரு நாளும் பின்னேரம் வீட்டுக்கு வந்தீர்கள். எனக்கு வாய் ஓயவில்லை. கூரைக்கு என்ன ஓடு, மகளுக்கு எந்த மாப்பிள்ளை, எந்தச் சட்டைக்கு எந்தச் சாரம் என்று எல்லாவற்றுக்கும் "நீ என்ன சொல்றாய்?" என்று கேட்டீர்கள், நான் சொன்னேன். நான் சொன்னதைக் கேட்காத நாட்களில் சண்டை பிடித்தேன். அந்தச் சண்டைகள் எனக்கு எவ்வளவு சந்தோசம் என்று உங்களுக்குத் தெரிந்திருக்குமோ தெரியாது. பதினெட்டு வருடம் சண்டை பிடிக்கப் புருசன் பக்கத்தில் இல்லாமல் இருந்தவள் நான்.

உங்கள் கடைசி நாள் மத்தியானம், ஆஸ்பத்திரியில் நீங்கள் கண்ணை மூடிப் படுத்திருந்தபோது, வார்ட் முழுக்கக் கேட்கும்படி "போகாதீங்க" என்று கத்தினேன். தாதி ஓடி வந்தாள். நீங்கள் கண்ணைத் திறக்காமலே சிரித்தீர்கள். "கேட்டிச்சு புள்ள" என்றீர்கள்.

அந்த முறை நீங்கள் கிறுகி வரவில்லை. ஆனாலும் நான் சொல்லிவிட்டேன், உங்களுக்கும் கேட்டுவிட்டது. அதை வைத்துக்கொண்டுதான் இப்படிச் சிரித்துக்கொண்டு திரிகிறேன்.