வீதிப் பெயர் இல்லாத விலாசம்

மார்ச் 11, செவ்வாய்.

நான் வேலை பார்க்கும் தேயிலைத் தோட்டத்து டிஸ்பென்சரியின் பழைய மென்பொருளை மாற்ற ஹட்டனிலிருந்து இன்று ஒருவர் வந்தார். வேண்டவே வேண்டாம் என்று மல்லுக்கு நின்றேன். புதியதில் வீதிப் பெயர் இல்லாமல் யாரையும் பதிய முடியாது. தொழிலாளர்களின் ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாக ஒட்டிக் கிடக்கும் லயத்தில் ஏது வீதி?

"ஏதாச்சும் ஒரு பேரப் போடுங்க மிஸ்," என்றார்.

கிளினிக்குக்கு வந்திருந்த செல்விக்கு இது எட்டாம் மாதம். "எதப் போட்டா மிஸ் ஆம்புலன்ஸ் வரும்?" என்று கேட்டாள்.

நான் பழைய மென்பொருளில் அவள் பதிவைத் திறந்தேன்.

பழையதில் அவள் விலாசம் ஐந்தாம் லயம், மூன்றாம் காம்பரா. முதல் பிரசவத்தின்போது அதைப் பார்த்துத்தான் ஆம்புலன்ஸுக்குப் போனில் சொன்னேன். வண்டி லயத்தைத் தேடிக் கண்டுபிடித்தபோது விடிந்திருந்தது. பிள்ளை தங்கவில்லை.

சரியான விலாசம் என்று இன்று நான் சண்டை போட்டதும் அதே விலாசத்துக்காகத்தான்.