பெயருக்கு முன்னால் இரண்டு எழுத்து

மார்ச் 3, செவ்வாய்

காலையில் ஐஸ் மழை. ஹம் ஸ்டேஷனில் ரயில் பதினெட்டு நிமிடம் தாமதம். முதியோர் இல்லச் சமையலறைக்கு நான் போய்ச் சேரும்போது சூப் ஏற்கெனவே அடுப்பில்.

இடைவேளையில் ஈமெயில் பார்த்தேன். மூனிக்கிலிருந்து ஒருவர். எங்கள் மோர்மன் சபைக்காரர்தானாம். மோர்மன் வேதத்தில் வரும் நகரங்கள் அமெரிக்காவில் எங்கே இருந்திருக்கும் என்று எந்த நிறுவனமும் சாராமல் ஆராய்கிறவர்களைப் பட்டியல் போடுகிறாராம். பெயர், படிப்பு, பட்டம் தந்த இடம். யார் சொல்வதை எவ்வளவு நம்பலாம் என்று வாசகருக்குத் தெரியவேண்டுமாம். நியாயம்தான். என் பெயர் நான்காவது. டொக்டர் வசந்தி, தொல்லியலாளர். சான்றிதழின் பிரதியை இரண்டு கிழமைக்குள் அனுப்பவேண்டுமாம்.

சான்றிதழ் இல்லை. யாழ்ப்பாணத்தில் இரண்டு வருடம் தொல்லியல் படித்தேன். ஒரு அகழ்வில் பானை ஓடு கழுவி, வரைந்து, எண் போட்டேன். மூன்றாம் வருடம் இடம்பெயர்வு. பிறகு கொழும்பு, பிறகு இங்கே, ஜெர்மனி.

வெங்காயம் வெட்டும்போது விரலைக் கீறிக்கொண்டேன்.

வாங்க: பால், இவருக்கு இருமல் மருந்து, பிளாஸ்டர்.

மார்ச் 4, புதன்

பட்டத்தை நான் கேட்கவில்லை. எங்கள் சிறு இதழை நடத்தும் டீட்டர்தான் போட்டார், மூன்று வருடத்துக்கு முன். அவரும் டொக்டர், பழைய மொழிகள் படித்தவர். என் முதல் கட்டுரை அது. உடைந்த ஓட்டை வரைவது எப்படி, வரைந்ததை வைத்து எதைச் சொல்லலாம், எதைச் சொல்லக்கூடாது. எழுதியதெல்லாம் சரி. பெயருக்கு முன்னால் மட்டும் Dr. என்று இருந்தது.

திருத்தச் சொல்ல நினைத்தேன். சொல்லவில்லை. இங்கேயாவது உள்ளதை எழுதுகிறேன்: ஆசையாக இருந்தது. நாள் முழுக்க உருளைக்கிழங்கு சீவுகிறவளை ஞாயிற்றுக்கிழமை ஒருவர் "வாங்க டொக்டர்" என்று கதிரை இழுத்துப் போட்டால் யாருக்குத்தான் ஆசை வராது.

மார்ச் 5, வியாழன்

மழை விட்டது. நகர அலுவலகக் கடிதம். குடியுரிமைப் பத்திரம் வாங்க 19ஆம் தேதிக்கு நேரம் குறித்து டெர்மின் தந்திருக்கிறார்கள். விண்ணப்பம் போட்டு இருபது மாதம். இவருக்கு எப்போதோ கிடைத்துவிட்டது. நான் மட்டும்தான் பாக்கி. இவர் கடிதத்தை இரண்டு தரம் வாசித்துவிட்டுக் கேக் வாங்க ஓடினார்.

நான் அடியிலிருந்த வரியை வாசித்தேன். விண்ணப்பித்த பிறகு விசாரணை, வழக்கு ஏதும் வந்தால் உடனே அறிவிக்கவேண்டும்.

குளியலறையில் கதவைப் பூட்டிவிட்டு ஃபோனில் தேடினேன். இல்லாத பட்டத்தைத் தானே பயன்படுத்தினால் இந்த நாட்டில் அது குற்றம். சிறை அல்லது தண்டம். இன்னொருவர் போட்டது வேறு கதை.

நானே போட்டேன். ஒரே ஒரு தரம். போன வருடம் ஒரு அருங்காட்சியகத்தின் களஞ்சியத்தில் இருக்கிற மத்திய அமெரிக்க ஓடுகளைப் பார்க்க அனுமதி கேட்டு இரண்டு தரம் எழுதினேன். பதிலே இல்லை. மூன்றாம் தரம் கீழே Dr. என்று கையெழுத்து வைத்தேன். மூன்று நாளில் டெர்மின் தந்தார்கள். அந்த ஈமெயில் அங்கேதான் இருக்கும். யாராவது தேடினால் ஒரு நிமிட வேலை.

கேக் இறங்கவில்லை.

"என்னப்பா, முகம் ஒரு மாதிரிக் கிடக்கு?"

"ஒண்டுமில்லை. தலையிடி."

மார்ச் 7, சனி

"வாழ்க்கை அனுபவத்துக்கு" டொக்டர் பட்டம் கொடுக்கிற இணையதளம் ஒன்று. பத்து நாளில் வீட்டுக்கே வருமாம். படிவத்தில் என் பெயரையும் பிறந்த தேதியையும் எழுதிவிட்டேன். அடுத்த பெட்டி: ஆய்வுத் தலைப்பு. எதை எழுத? மூடிவிட்டேன். என்னை நினைக்க எனக்கே பயமாக இருக்கிறது.

உடுப்புத் தோய்த்தேன். வாசலில் மணி அடித்தபோது எட்டிப் பார்த்துவிட்டுத்தான் திறந்தேன். பார்சல், பக்கத்து வீட்டுக்கு.

மார்ச் 8, ஞாயிறு

சபை. ஆராதனை முடிந்து பெப்பர்மின்ட் தேநீர். டீட்டர் என்னைச் சுவரோரமாகக் கூப்பிட்டார்.

"மூனிக்காரன் உங்களுக்கும் எழுதினானா?"

"ஆம்."

"பதில் போடாதீர்கள். பொறாமை பிடித்தவன். கொஞ்ச நாளில் மறந்துவிடுவான்."

அவர் கையிலிருந்த கோப்பை சாசரில் தட்டித் தட்டிச் சத்தம் போட்டது. எனக்காக இவ்வளவு பதறுகிறாரே என்று நினைத்தேன்.

மார்ச் 10, செவ்வாய்

நேற்று இவரிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அருங்காட்சியக ஈமெயிலையும் காட்டினேன். இவர் கோயிலுக்குப் போகிறவர். என் சபையையும் ஓடுகளையும் பற்றி ஒருநாளும் ஒன்றும் கேட்டதில்லை. கண்ணாடியைப் போட்டு ஆறுதலாக, ஒவ்வொரு வரியாக வாசித்தார்.

"ஏனப்பா இவ்வளவு நாளும் சொல்லேல்லை?"

"வெக்கம்."

"இப்ப பயமாக் கிடக்கோ?"

"ஓம்."

"எனக்கும்தான். ஆனா இனிமேல் ஒரு பொய்யும் எழுதாதையும். பத்தொன்பதாம் தேதி நானும் வாறன்."

இன்று காலை பிளாட்பாரத்தில் நின்று இரண்டு ஈமெயில் அனுப்பினேன். அருங்காட்சியகத்துக்கு: நான் டொக்டர் இல்லை, அப்படிக் கையெழுத்து வைத்தது பிழை, மன்னிக்கவும். மூனிக்குக்கு: இரண்டு வருடப் படிப்பு, பட்டம் இல்லை, தொழில் சமையல் உதவியாள். பட்டத்தைப் போட்டது இதழாசிரியர். அச்சில் பார்த்தும் திருத்தாதது நான்.

இரண்டையும் அச்செடுத்துக் குடியுரிமைக் கோப்பில் வைத்தேன். 19ஆம் தேதி நானே கொடுக்கப்போகிறேன்.

மார்ச் 11, புதன்

வெயில். மதியம் அருங்காட்சியகத்தின் பதில், இரண்டே வரி. தகவலுக்கு நன்றி. சட்டப் பிரிவுக்கு அனுப்பியிருக்கிறோம்.

அதற்குப் பிறகு செய்த வேலை ஒன்றும் நினைவில்லை. கஞ்சியில் உப்பு இல்லை என்று இரண்டு பேர் திருப்பி அனுப்பினார்கள்.

ஐந்து மணிக்கு டீட்டர் ஃபோன். வணக்கம்கூடச் சொல்லவில்லை.

"இதழாசிரியர் என்று எழுதியிருக்கிறீர்கள். இப்போது அவன் என் சான்றிதழைக் கேட்கிறான்."

"காட்டுங்களேன்."

"காட்ட என்ன இருக்கிறது?" எனக்கு அப்போதுதான் விளங்கியது, அவரிடமும் பட்டம் இல்லை.

"முப்பது வருடம்," என்றார். "என் மனைவிக்கே தெரியாது. நான் ஒருவன் மட்டும் டொக்டராக இருந்தால் யாராவது கேட்பார்கள் என்றுதான் உங்களுக்கும் போட்டேன். இன்னொரு தரம் அவனுக்கு எழுதுங்கள். நீங்களே டொக்டர் என்று என்னிடம் சொன்னதாக. நான் ஏமாந்ததாக. ஒரு வரி போதும்."

அந்த ஒரு வரி 19ஆம் தேதிக்கு முன் என் கோப்பில் ஏறினால் குடியுரிமை போய்விடும் என்று அவருக்குத் தெரியும். சபையில் என் டெர்மினுக்காக ஜெபித்தவர்களில் அவரும் ஒருவர்.

பின்னால் அவருடைய மனைவியின் குரல்: "யார் பேசுவது?"

"யாருமில்லை," என்றார். பிறகு என்னிடம், மிகவும் மெல்ல, "தயவுசெய்து."

"ஏலாது," என்றேன். பிறகு அதையே அவருக்கு விளங்க ஜெர்மனில் ஒரு தரம். அவர் ஃபோனை வைக்கவில்லை. நானும்தான்.